ஆணிச் சத்தம்

என் புருஷன் கத்தினால் கண்ணாடி அதிரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் படுக்கையறை ஜன்னலில் இன்றைக்கும் ஒரு விரிசல் இருக்கிறது. மகள் தொட்டிலில் கிடந்த காலத்தில், ஒரு புதுப் பாட்டின் கடைசி வரியை அவர் பழகியபோது விழுந்தது. பிள்ளை எழுந்திருக்கவில்லை. மாடி வீட்டுக்காரிதான் எழுந்து வந்தாள். "யாரைக் கொல்றீங்க?" என்று கேட்டாள். "யாரையும் கொல்லலைங்க, ஆண்டவரைத் துதிக்கிறார்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் குரல் இப்போது அவரிடம் இல்லை. யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். நிதானமாகப் பேசுகிற பழக்கம் எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

எங்கள் குழுவின் பெயர் ஏழாம் சுற்று. எரிகோ பட்டணத்தைச் சுற்றி வந்த ஜனங்கள் ஏழாம் சுற்றில் ஒன்றாகக் கத்தியபோது மதில் இடிந்து விழுந்தது என்று வேதத்தில் இருக்கிறதல்லவா, அந்தச் சுற்று. பெயர் வைத்தவர் என் புருஷனின் அண்ணன். "கத்தியே மதிலைத் தள்ளினாங்க. அதைவிடப் பெரிய ராக் கச்சேரி உலகத்துல நடந்திருக்கா?" என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்பார். கித்தார் அவர். எல்லோருக்கும் அவர் கேப்டன், எனக்கு மட்டும் அத்தான். பாடுகிறவர் என் புருஷன். பேஸ் கித்தார் நான். அந்த வீட்டுக்கு வாக்கப்படுவதற்கு முன்பே நான் குழுவில் இருந்தவள். மருமகள் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு இடி என்று பட்டப்பெயர். ஒலி பார்க்கிறவனுக்கு வயர். அவ்வளவுதான் ஆட்கள்.

ஆரம்பத்தில் எங்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. சபையில் வாசித்தால், "இது பிசாசின் கொட்டு" என்று மூப்பர்கள் எழுந்து போனார்கள். கேப்டனின் அப்பாதான் அந்தச் சபைக்குப் பாஸ்டர். அவரே முதல் ஆளாக எழுந்து போனார். மதுக்கூடத்தில் வாசித்தால், "ஜெபக்கூட்டம் எப்ப முடியும்?" என்று குடிகாரன் கேட்டான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

ஒத்திகைக்கு இடம் கொடுத்த ஒரே மனுஷர் இடியின் அப்பா. அவர் சவப்பெட்டி செய்கிறவர். பட்டறையின் பின்கட்டில் பலகைகளை ஒதுக்கி இடம் பண்ணிக்கொடுத்தார். பெட்டிக்குள் ஒட்டுகிற பஞ்சையும் வெள்ளைத் துணியையும் சுவர் முழுக்க அறைந்தோம். சத்தம் வெளியே போகாது. பாடுவதற்கு வாயைத் திறந்தால் மரத்தூள் தொண்டைக்குள் போகும். வெளியூர்க் கச்சேரிக்கும் அவருடைய சவ வண்டிதான். பெட்டி வைக்கிற இடத்தில் ஒலிபெருக்கி, பக்கத்தில் நாங்கள். வழியெல்லாம் ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். எங்கள் வாழ்க்கையில் முதலில் கிடைத்த மரியாதை அதுதான்.

எங்கள் முதல் பதிவும் அந்தப் பின்கட்டில்தான் நடந்தது. 'கல்லைப் புரட்டு' என்று ஒரு பாட்டு. உயிர்த்தெழுந்த காலையில் பெண்கள் கல்லறைக்குப் போய் அது காலியாகக் கிடப்பதைப் பார்க்கிறார்களே, அந்தக் கதை. "கல்லைப் புரட்டு" என்று என் புருஷன் கத்தியதும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இருக்காது. பிறகு, "அவர் இங்கே இல்லை" என்று கத்துவார். பதிவு நடந்த அன்று முன்கட்டில் இடியின் அப்பாவுக்கு அவசர வேலை. சாயங்காலம் அடக்கம், மூடிக்கு ஆணி அறைந்தாக வேண்டும். "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்றால், "செத்தவன் காத்திருக்க மாட்டான்டா" என்றார். கடைசியில் அந்த ஒரு மூச்சு இடைவெளியில், 'டொக், டொக்' என்று சுத்தியல் விழுந்துவிட்டது.

இன்னொரு முறை பாடுகிறேன் என்றார் என் புருஷன். கேப்டன் கேட்கவில்லை. "இருக்கட்டும்டா. சிலுவையில ஆணி அடிக்கிற சத்தம்னு நினைச்சுக்குவாங்க" என்றார். அப்படியேதான் நினைத்தார்கள். அந்த ஆணிச் சத்தத்தைக் கேட்டு மனந்திரும்பினேன் என்று ஒருத்தி எங்களிடம் வந்து அழுதாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். மேடையில் மட்டும் அந்த இடம் எப்போதும் மௌனமாகத்தான் இருக்கும். மேடைக்குச் சவப்பெட்டி கொண்டு போக முடியாதே.

அந்தப் பாட்டு எங்களைத் தூக்கிவிட்டது. சவ வண்டி போய் சொந்த வண்டி வந்தது. எழுந்து போன மூப்பர்களே வரிசையில் நின்றார்கள். ஆனால் கேப்டனுக்கு ஒரு குறை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

எங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கச்சேரியின் நடுவில் விளக்கை மங்க வைத்து, குழுவில் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். நான் எப்படிக் கெட்டேன், ஆண்டவர் எப்படி மீட்டார் என்று. பாட்டைவிட ஜனங்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். மற்றக் குழுக்களில் ஊசி போட்டுக்கொண்டவன் இருந்தான், ஜெயிலில் கிடந்தவன் இருந்தான், பாலத்திலிருந்து குதித்துப் பிழைத்தவன்கூட ஒருவன் இருந்தான். எங்களில் ஒருவரும் ஒழுங்காகக் கெட்டுப்போகவில்லை. கேப்டன் பாஸ்டர் வீட்டுப் பிள்ளை, இருமல் மருந்துக்கு மேல் எதையும் குடித்ததில்லை. இடி சின்ன வயதில் ஒரு கைக்கடிகாரம் திருடி, பயந்துபோய் மறுநாளே திருப்பிக் கொடுத்தவன். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினோம். வர வர அது தங்கக் கடிகாரம் ஆனது, பிறகு நகைக்கடை ஆனது, கடைசியில் காவலாளி ஒருவனும் அடிபட்டான். என் முறை வந்தபோது, "நான் கோபக்காரி, இப்பவும் கோபக்காரிதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

"நமக்கு எல்லாம் இருக்கும்மா, சாட்சிதான் இல்ல" என்று கேப்டன் வண்டியில் புலம்புவார். "பெரிய இடத்துல கேக்குறாங்க. 'உங்க கதை என்ன?'ங்கிறாங்க. என்ன சொல்ல?"

"நல்லாயிருக்கோம்னு சொல்லுங்க அத்தான்" என்பேன்.

"அதைக் கேக்க எவன் வருவான்?" என்பார்.

அப்போதுதான் என் புருஷனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தோம். வெந்நீர், கொப்பளிப்பு, துண்டைச் சுற்றிக்கொண்டு படுப்பது எல்லாம் நடந்தது. கட்டு விடவில்லை. நான்தான் பிடித்து இழுக்காத குறையாகத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"குரல் நாண்ல வெள்ளைத் திட்டு ஒண்ணு இருக்கு, பாருங்க. ஒரு துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். அடுத்த வாரமே வந்துடுங்க. அதுவரைக்கும் பாட்டு கிடையாது, கத்துறது கிடையாது."

"மோசமா இருந்தா?" என்று கேட்டேன்.

"இப்பவே பிடிச்சா குரலும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார். தள்ளிப் போட்டீங்கன்னா குரலை மறந்துடுங்க."

விஷயத்தைக் கேட்டதும் கேப்டன் அழுதார். பொய் அழுகை இல்லை, தம்பியின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றி நெடுநேரம் ஜெபித்தார். ஜெபம் முடிந்து தலையைத் தூக்கியபோது அவர் கண்ணில் வேறொரு வெளிச்சம் இருந்தது. மனுஷருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. "வர்ற சனிக்கிழமை நீ பாட வேண்டாம். வந்து மேடையில நில்லு, போதும்" என்றார்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சாட்சி நேரத்தில் கேப்டனே மைக்கைப் பிடித்தார். "என் தம்பி இனிமே பாடவே மாட்டான்னு டாக்டர் கைவிட்டுட்டாங்க!" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான கைகள் மேடையை நோக்கி நீண்டுவிட்டன. அவரவர் பாஷையில் அவரவர் கதறினார்கள். கேப்டன் தம்பியின் தொண்டையில் கையை வைத்தார்.

"சொஸ்தமாயிட்டேன்னு சொல்லுடா! வாயால அறிக்கை பண்ணு! முதல்ல சொல்லணும், அப்புறம்தான் நடக்கும்!"

"சொஸ்தமாயிட்டேன்" என்றார் என் புருஷன். கிழிந்த காகிதம் போல வந்தது.

கேப்டன் கித்தாரை ஓங்கி அடித்தார். 'கல்லைப் புரட்டு' ஆரம்பித்தது. என் புருஷன் என்னைப் பார்த்தார், கண்ணை மூடினார், வாயைத் திறந்தார். பழைய குரல் வந்தது! ஜன்னலை உடைத்த அதே குரல், ஒரு பிசிறு இல்லாமல். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேடையில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்பதற்காக மாட்டிக்கொள்கிற காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டே பாடினார். நானும் அழுதேன். என் விரல் எந்தக் கம்பியில் இருந்தது என்றே தெரியவில்லை. அன்றைக்கு நான் விசுவாசித்தேன். யாராவது வந்து சந்தேகமாகப் பேசியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

துணுக்கு எடுக்க அவர் போகவில்லை. "போனா, ஆண்டவர் செஞ்சதைச் சந்தேகப்படுறதா ஆயிடும்" என்றார் கேப்டன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார்கள். பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கச்சேரிப் பருவம் முழுக்க ஊர் ஊராகப் போனோம். சுவரொட்டியில் குழுவின் பெயருக்கு மேலே, 'திரும்பி வந்த குரல்' என்று போட்டார்கள். சாட்சியைக் கேப்டன் சொல்வார். "தம்பி பேச மாட்டான், பாடுவான்" என்பார். ஏன் பேச மாட்டார் என்றால், பேச்சு வரவில்லை. மேடையில் சிங்கம், வீட்டில் அடுத்த அறையில் இருக்கிற மகளைக் கூப்பிட முடியாது, கையைத் தட்டித்தான் கூப்பிட வேண்டும். ராத்திரியில் இருமினால் துண்டில் சிவப்பாக ஒட்டும்.

"இது என்னங்க அதிசயம்? பாட்டுக்கு வருது, பேச்சுக்கு வரலை?" என்று கேட்டேன்.

"மேடையில அபிஷேகம் இறங்குது" என்றார் காற்றுக் குரலில். "வீட்ல அது தேவையில்லையே."

மனுஷர் மனதார நம்பினார். ஐயோ, அந்த நம்பிக்கைதான் என்னை இன்றைக்கும் கொல்கிறது.

ஒரு கச்சேரியில் என் காதுக்கருவி கோளாறு பண்ணியது. டிரம்ஸ் சத்தம் வரவில்லை, கித்தார் வரவில்லை. என் புருஷனின் குரல் மட்டும் தனியாக, துல்லியமாக வந்தது. மற்ற நாட்களில் கித்தாரின் இழுவையிலும் கூட்டத்தின் கூச்சலிலும் அமுங்கிப்போகிறதெல்லாம் கேட்டது. "கல்லைப் புரட்டு" என்று கத்தினார். எல்லா வாத்தியமும் நின்றது. அந்த ஒரு மூச்சு மௌனத்தில் என் காதுக்குள், 'டொக், டொக்' என்று கேட்டது.

திரும்பி இடியைப் பார்த்தேன். இரண்டு கோலையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். யாரும் எதையும் தட்டவில்லை. அது இடியின் அப்பா யாரோ ஒரு செத்த மனுஷனுக்கு மூடி அறைந்த சத்தம். சவப்பெட்டிப் பட்டறையில் பதிந்த பழைய குரலைத்தான் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கித்தார் இரைகிற இரைச்சலில் பாடுகிறவனுக்குத் தன் குரல் காதுக்கருவி வழியாகத்தான் தெரியும். கருவி எதைக் கொடுக்கிறதோ அதுதான் அவன் குரல். என் புருஷனின் காதுக்குள் அவருடைய பழைய குரலையே ஊற்றி, குணமாகிவிட்டது என்று அவரையே நம்ப வைத்திருக்கிறார்கள்.

கச்சேரி முடிந்ததும் வயரின் சட்டையைப் பிடித்தேன். அவன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனை கச்சேரியாடா நடக்குது இது?"

"அக்கா, சட்டையை விடுங்கக்கா. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான்னு அண்ணன் சொன்னார். விசுவாசத்துக்கு ஒரு கை கொடுக்கிறோம்னார். அப்புறம் நிறுத்த முடியலை."

"அவரோட மைக்?"

"அதை அன்னைக்கே அணைச்சுட்டேன்" என்றான். தலையைத் தூக்கவே இல்லை.

கேப்டனைத் தேடிப் போனேன். மண்டபத்துப் பின்வாசலில், பெட்டிகள் ஏற்றுகிற இடத்தில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார் என்று நினைத்தேன். மறைக்கவே இல்லை.

"அவன் குரல்தானே அது? வேற எவன் குரலையாவது போட்டேனா?"

"அத்தான், அவர் தொண்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அவர் டெஸ்டுக்குப் போகணும்."

"நம்பினாத்தான் சொஸ்தமாவான். அவன் நம்புறதுக்காகத்தான் இவ்வளவும் பண்றேன். நீ போய் அதைக் கெடுத்தா, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் பாவம் உன் தலையில. யோசிச்சுக்க." ரொட்டித் துகளைக் கையிலிருந்து தட்டிவிட்டார். "பெரிய திடல் கச்சேரி வருது. அது முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். ஆனால் இந்த ஓநாய் உண்மையாகவே அழுதது, அதுதான் கொடுமை. அவர் ஜெபித்ததை நானே பார்த்தேன். தம்பி பிழைக்க வேண்டும் என்றும் அவருக்கு ஆசை, தம்பி மேடையில் நிற்க வேண்டும் என்றும் ஆசை. இரண்டாவது ஆசை கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டது.

மறுநாள் காலை சமையலறையில் என் புருஷனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். சுத்தியல் என்றதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இடி கோலைத் தட்டியிருப்பான்."

"கோல் அவன் தலைக்கு மேல இருந்துச்சுங்க. என் கண்ணால பார்த்தேன்."

"நான் என் காதால கேட்டேன்டி" என்றார். அவ்வளவு பேசவே அவருக்கு மூச்சு வாங்கியது. "என் குரல் எனக்குத் தெரியாதா? எங்கண்ணன் என்னை ஏமாத்துவானா? உனக்கு நம்பிக்கை இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. என்னோடதைப் பிடுங்காத."

"வாங்க, இப்பவே பாடிப் பாருங்க. இங்க, இந்த அடுப்படியில பாடுங்க!"

அவர் பாடவில்லை. சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. இருந்த கொஞ்சக் குரலும் எனக்குக் கிடைக்கவில்லை. சபையிலிருந்து நான்கு பெண்கள் வந்து, என் தலையில் கைவைத்து, என்னிடம் இருக்கிற அவிசுவாச ஆவியைத் துரத்தினார்கள். யார் அனுப்பினார்கள் என்று கேட்கவேண்டுமா? போகும்போது நம்பிக்கையோடு கேட்டார்கள்: "இப்ப எப்படி இருக்கும்மா?" "கோபமா இருக்கு" என்றேன்.

திடல் கச்சேரியில் கண்ணுக்கு எட்டிய தூரம் தலைகள். பழைய குரல் ஓடுகிற கணினி, டிரம்ஸ் மேடைக்குப் பக்கத்தில் கறுப்புத் துணி மூடி இருந்தது. நான் அதற்கு மூன்றடி தள்ளி நின்றேன். கேப்டன் சாட்சி சொன்னார். கைகள் நீண்டன. பாட்டு தொடங்கியது. பாதி வரையில் பொறுத்தேன். என் புருஷனின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். அணைத்துவைத்த மைக்கில் அந்த மனுஷர் உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். வாசித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, குனிந்து, கணினியின் கம்பியைப் பிடுங்கினேன்.

குரல் அறுந்தது. வயர் பதறிப்போய் அவருடைய மைக்கைத் திறந்துவிட்டான். திடல் முழுக்க என் புருஷனின் நிஜக் குரல் கேட்டது. தொண்டையில் எலும்பு சிக்கிய நாய் இருமுவது போல ஒரு சத்தம்.

அவருக்கும் கேட்டது. இன்னொரு வரி முயன்று பார்த்தார். பிறகு நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை என் பகையாளிக்கும் கிடைக்கக் கூடாது. மேடையில் முழங்காலிட்டார்.

ஒரு கணம் கேப்டனின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே ஒரு கணம்தான். அடுத்த கணம் மைக்குக்குப் பாய்ந்தார். "ஆண்டவர் என் தம்பியைத் தொட்டுட்டாரு! அவனால பாட முடியலை, அழறான்! அவனுக்காக நீங்க பாடுங்க!"

பாடினார்கள். அத்தனை ஜனமும் பாடியது. என் புருஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர்கள் முன்னால் கிடந்தார். அந்தப் படம்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. எங்கள் குழுவின் பெயர் அன்றைக்குத்தான் நிஜமாகவே பெரிதானது.

மறுநாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்தார். இந்தத் தடவை திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

"இவ்வளவு நாள் எங்கதான் இருந்தீங்க?" என்றார்.

"மேடையில" என்றேன்.

குரல்வளையை முழுசாக எடுத்தார்கள். ஆள் மிஞ்சினார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் மெல்லிய துணி. அதன் வழியாகத்தான் மூச்சு. தாடைக்குக் கீழே அழுத்திப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். அழுத்தினால் சவரக் கருவி போல ரீங்கரிக்கும். மகள் முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அதைத் தொடவில்லை.

கேப்டன் பழங்களோடு வந்தார். தம்பியின் காலடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"குழு நிக்கக் கூடாதும்மா, தம்பியோட உழைப்பு அது. ஒரு புதுப் பையன் கிடைச்சிருக்கான், பார்க்க நல்லாயிருப்பான். முன்னாடி அவன் நிப்பான். குரல் தம்பியோடதே இருக்கட்டும்."

"குரல் இவரோடது, வாய் எவனோடதோவா?" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. தம்பி, நீ ஒரு தடவை வா. சாட்சி நேரத்துல அந்தக் கருவியை வெச்சு, 'கர்த்தர் நல்லவர்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. குரலைக் கொடுத்தும் துதிக்கிறான்னு ஜனம் உடைஞ்சுபோகும். இந்த மாதிரி ஒரு சாட்சி எந்தக் குழுகிட்டயும் கிடையாதுடா."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர் வீட்டுக்கும் தீ வைத்து, சாம்பலையும் அள்ள வந்திருந்தார். என் கையில் பழத்தட்டு இருந்தது. அதை அவர்மேல் எறியாததற்கு ஒரே காரணம், என் புருஷன் தலையை ஆட்டியதுதான். வருகிறேன் என்று ஆட்டினார்.

"சூடு சொரணை இருக்கா உங்களுக்கு?" என்று அண்ணன் போனபிறகு கத்தினேன். "உங்களை உரிச்சுத் தொங்கவிட்டு இப்ப தோலையும் கேக்குறாரு. சரின்னு தலையாட்டுறீங்க!" அவர் நல்ல சட்டை ஒன்றை எடுத்து, மேஜையில் விரித்து, நிதானமாக இஸ்திரி போட்டார்.

கச்சேரி நடந்த சாயங்காலம் அதே திடலில் நான் கூட்டத்தோடு, மேடைக்குப் பக்கத்துப் படியோரம் நின்றேன். என் பேஸை வேறு யாரோ ஒருவன் வாசித்தான். விளக்கு மங்கியது. கேப்டன் தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். கழுத்தில் கறுப்புத் துணி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. அப்போதே ஜனம் அழ ஆரம்பித்துவிட்டது.

"சொல்லுடா தம்பி. ஒரே ஒரு வார்த்தை."

என் புருஷன் கருவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். மைக்கை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் மைக்கின் தலையில் தட்டினார்.

டொக், டொக்.

காத்திருந்தார். மறுபடியும் தட்டினார். டொக், டொக்.

இடியின் கையிலிருந்து ஒரு கோல் நழுவிக் கீழே விழுந்தது. ஒலி மேஜையில் வயர் குனிந்துகொண்டான். கேப்டனின் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டி நின்றது. அவர்களுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. சமையலறையில் நான் சொன்னதை அவர் இப்போது அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொள்கிறார். யார் என்ன செய்தார்கள் என்று வாயில்லாத மனுஷர் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேளுங்கள், பாவிகளா, கேளுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

முன்வரிசையில் ஒருத்தி துள்ளி எழுந்தாள். "ஆணிச் சத்தம்! கல்லைப் புரட்டு!" என்று கூவினாள்.

அவ்வளவுதான். திடலே எழுந்து கைதட்டியது, இரண்டு இரண்டாக, அவர் தட்டிய அதே தாளத்தில். என் புருஷன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். அவர் தட்டத் தட்ட அவர்களும் தட்டினார்கள். கேப்டனுக்கு உயிர் திரும்பியது. "கேட்டீங்களா? என் தம்பிக்கு இனிமே சிலுவைதான் பேச்சு!" என்று கத்திவிட்டுக் கித்தாரை அடித்தார். இடி குனிந்து கோலை எடுத்துக்கொண்டான். புதுப் பையன் முன்னால் ஓடிவந்தான்.

என் புருஷன் மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தார். ஒன்றிரண்டு பேர் அவர் சட்டையைத் தொட்டு முத்தமிட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கவழியாக வெளியே கூட்டிவந்தேன்.

வண்டிகள் நிறுத்துகிற இடம் காலியாக இருந்தது. பின்னால் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்தது. பிசிறு இல்லாமல், ஜன்னலை உடைக்கிற பலத்தோடு. அவர் நின்றுவிட்டார். கழுத்துத் துணி மூச்சில் உள்ளே போய் வெளியே வந்தது.

"கல்லைப் புரட்டு" என்று கத்தினார் அங்கே. வாத்தியங்கள் நின்றன. அந்த மௌனத்தில், சுத்தியல் விழுகிற இடத்தில், என் கையை இரண்டு முறை அழுத்தினார்.

நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே அத்தனை பேரும் அவர் குரலோடு சேர்ந்து பாடினார்கள், "அவர் இங்கே இல்லை" என்று.